மிக லேசான கரும்பொருள் அலையைத் தரவில் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிறமாலையில் ஒரு கூர்முனை தெரிந்ததும் "கிடைச்சிருச்சு" என்று ஓடி வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படி ஓடியவன்தான். அந்த முனைகளில் ஒன்றுகூட கரும்பொருளாக (ஒளியைத் தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) இருந்ததில்லை. பாதிக்கு மேல், வேலையின் வரிசை மாறியதால் வந்த வினை.

ஒரு கருவி மாதக்கணக்கில் பதிந்த தரவு கையில் இருக்கிறது, அதில் மிக லேசான கரும்பொருளின் தடயம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் செய்ய வேண்டும், எது பிறகு, ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியலும் கொஞ்சம் ஃபூரியர் உருமாற்றமும் தெரிந்தால் போதும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மடிக்கணினி, பைத்தான், அதில் நம்பை, சைபை. நினைவகம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி. சொந்தத் தரவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரைச்சலையும் சமிக்ஞையையும் நாமே உண்டாக்கிப் பழகலாம். முதல் முறை அப்படிச் செய்வதே நல்லது.

தரவு நிஜமானதாக இருந்தால் முதலில் கடிகாரத்தைப் பற்றி விசாரியுங்கள். நாம் தேடும் சமிக்ஞை நிறமாலையில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும்; அந்தக் கோட்டின் அகலம் அதன் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகலாம். அந்தக் கடிகாரம் வெயிலுக்கும் குளிருக்கும் ஏறி இறங்கினால் உங்கள் கோடு இருபது மடங்கு அகலத்துக்குத் தேய்ந்து போகும். ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய கடிகாரமா என்று கேளுங்கள். இல்லை என்றால் இந்தத் தரவை வைத்து மேலே போவதில் பயன் குறைவு.

அப்புறம் ஒரு தாளில் இந்த எண்களை எழுதி எதிரில் ஒட்டி வையுங்கள். எலக்ட்ரான்வோல்ட்டை இனி ஈவி என்கிறேன்.

1 ஈவி என்பது 2.418 × 10¹⁴ ஹெர்ட்ஸ்.
பிளாங்க் மாறிலியையும் ஒளி வேகத்தையும் பெருக்கினால் 1.24 × 10⁻⁶ ஈவி மீட்டர்.
நம் சுற்றுப்புறத்தில் கரும்பொருள் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 ஜிகா ஈவி.
பால்வீதிக்குள் சூரியனின் வேகம் வினாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடர்த்தியைச் சிலர் 0.3 என்றும், சிலர் 0.45 என்றும் எடுப்பார்கள். பிணைப்பு வலிமையில் (கரும்பொருள் சாதாரணப் பொருளை எவ்வளவு பலமாகத் தொடுகிறது என்பதில்) அதனால் வரும் வித்தியாசம் 22 விழுக்காடுதான். ஆனால் எதை எடுத்தீர்கள் என்று எழுதாமல் விட்டால், இன்னொருவர் முடிவோடு உங்கள் முடிவை ஒப்பிட முடியாது.

2. நிறையை அதிர்வெண்ணாக மாற்றுங்கள்

கரும்பொருள் துகள் மிக லேசாக இருந்தால், அதன் புலம் ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது நிறை. நிறை ஆற்றலைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் அதிர்வெண் வந்துவிடும்.

1 மைக்ரோ ஈவி என்றால் 241.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது ரேடியோ அலைப் பகுதி. 10⁻²² ஈவி என்றால் ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 1.3 வருடம். நடுவில் எந்த நிறை வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் ஒரே கேள்விக்கு ரேடியோ அலைவாங்கி, காந்தமானி, அணுக் கடிகாரம், சீராகத் துடிக்கும் விண்மீனான பல்சார் என்று இவ்வளவு விதமான கருவிகள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் எடுத்துக்காட்டையே பிடித்துக்கொள்வோம்: நிறை 5 × 10⁻¹⁵ ஈவி. அதிர்வெண் 1.209 ஹெர்ட்ஸ். சரியாக 1 ஹெர்ட்ஸை வேண்டுமென்றே தவிர்த்தேன். காரணம் பத்தாவது படியில் வரும்.

இங்கே எல்லோரும் ஒரு முறையாவது தடுக்கி விழுவார்கள். கட்டுரைகளில் வரும் பிளாங்க் மாறிலி பெரும்பாலும் இரண்டு பையால் (2π) வகுக்கப்பட்டது. அதை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது கோண அதிர்வெண். 6.28 மடங்கு தவறான இடத்தில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடித்தவர்கள் உண்டு. எடுத்துக்காட்டைக் கையால் ஒரு தடவை போட்டு 1.209 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

3. அது அலைதானா என்று சோதியுங்கள்

துகள்களை எண்ணுவதா, அலையைக் கேட்பதா என்பதை இந்தப் படி சொல்லும். ஓர் அலைநீளப் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எக்கச்சக்கமாக இருந்தால் தனித் துகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே புலமாக நடந்துகொள்ளும்.

இங்கே வேண்டியது டி ப்ராய் அலைநீளம். 1.24 × 10⁻⁶-ஐ ஈவியில் உள்ள நிறையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு 24.8 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் கனசதுரத்துக்குள் இருக்கும் துகள்கள் 10⁶³ அளவில். சந்தேகமே வேண்டாம், அலைதான்.

இந்த எண்ணிக்கை நிறையின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. எனவே நிறை ஏற ஏற மளமளவென்று குறைந்து, சுமார் 30 ஈவியில் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் இந்த வழிகாட்டி செல்லாது. இன்னொன்று: ஒரே நிலையில் இவ்வளவு துகள்கள் அடைய வேண்டும் என்றால் அவை போசான்களாகத்தான் இருக்க முடியும். எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான்களைப் பௌலியின் விதி விடாது.

நிறையைக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு போகவும் முடியாது. 10⁻²² ஈவியில் டி ப்ராய் அலைநீளமே ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல். அதைவிடச் சிறிய கட்டமைப்புகள் உருவாகாமல் அழிந்துவிடும். தொலைதூரக் குவேசார் ஒளியில் பதிந்த ஹைட்ரஜன் கோடுகளை வைத்து ரோஜர்ஸ், பெய்ரிஸ் என்ற ஆய்வாளர்கள் 2021-இல் போட்ட எல்லை 2 × 10⁻²⁰ ஈவி. கரும்பொருள் முழுவதும் இந்த அலைதான் என்றால் அதற்குக் கீழே இடம் இல்லை.

4. மூன்று நேரங்களை ஒரே வரியில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கரும்பொருள் துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. வேகம் மாறினால் இயக்க ஆற்றல் மாறும், அதிர்வெண்ணும் துளி மாறும். வேகம் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அதன் வர்க்கம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, அலை ஏறக்குறைய பத்து லட்சம் ஆட்டங்கள் வரை தாளம் தவறாமல் ஆடும், அப்புறம் வீச்சும் கட்டமும் மெல்ல மாறிவிடும். அதுவரையான நேரம்தான் ஓரியல் நேரம்.

இப்போது எழுதுங்கள். ஆட்ட நேரம் 0.83 வினாடி. ஓரியல் நேரம் 8.3 லட்சம் வினாடி, அதாவது 9.6 நாள். தரவின் நீளம் ஒரு வருடம். தரவுக்குள் 38 ஓரியல் நேரங்கள் அடங்குகின்றன.

இந்த 38 என்ற எண்ணைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் எல்லாமே. அது ஒன்றைவிட மிகப் பெரியதாக இருந்தால், சமிக்ஞை பல அதிர்வெண் பெட்டிகளில் (நிறமாலையின் தனித்தனிப் புள்ளிகளில்) பரவி நிற்கும். ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால், ஒரே பெட்டிக்குள் அடங்கும், ஆனால் அதன் வீச்சு எவ்வளவு என்பது உங்கள் அதிர்ஷ்டம். இரண்டுக்கும் தேடும் முறை வேறு, வரம்பு சொல்லும் முறையும் வேறு.

புதியவர்கள் செய்யும் பிழை, ஒரே ஓரியல் நேரத்தைத் தரவு முழுவதற்கும் வைத்துக்கொள்வது. 2 ஹெர்ட்ஸில் அது 6 நாள், 0.1 ஹெர்ட்ஸில் 116 நாள், 0.01 ஹெர்ட்ஸில் மூன்று வருடத்துக்கும் மேல். அதே ஒரு வருடத் தரவில் ஒரு முனையில் நீங்கள் ஒரு பக்கம், மறுமுனையில் இன்னொரு பக்கம். அதிர்வெண் அச்சைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக மூன்று நேரங்களையும் எழுதி வையுங்கள்.

இரண்டு பையால் வகுத்தும் வகுக்காமலும் ஓரியல் நேரத்துக்குப் பல வரையறைகள் புழங்குகின்றன. எது சரி என்று சண்டை போட வேண்டாம். ஒன்றை எடுத்துக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

5. புலத்தின் வீச்சைக் கணக்கிடுங்கள்

அடர்த்தி தெரியும், நிறை தெரியும். அடர்த்தி என்பது நிறையின் வர்க்கத்தையும் வீச்சின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. எனவே வீச்சு, இரு மடங்கு அடர்த்தியின் வர்க்கமூலத்தை நிறையால் வகுத்தது. இயல் அலகுகளில் (ஒளி வேகத்தையும் இரண்டு பையால் வகுத்த பிளாங்க் மாறிலியையும் 1 என்று எடுப்பவை) இது 2.48 × 10⁻³ ÷ நிறை. நம் எடுத்துக்காட்டுக்குச் சுமார் 500 ஜிகா ஈவி.

நிறை குறையக் குறைய வீச்சு கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். லேசான துகள் என்றால் சமிக்ஞையும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு.

குவாண்டம் நிறவிசையியல் ஆக்ஸியானுக்கு (அணுக்கருவுக்குள் இருக்கும் வலு விசையின் ஒரு புதிரைத் தீர்க்க முன்மொழிந்த, இன்னும் கண்டுபிடிக்காத துகள்) மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே முக்கியம் ஒரு கோணம்: புலத்தை அதன் பிணைப்பு அளவுகோலால் வகுத்தது. நிறையும் பிணைப்பும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதால், அந்தக் கோணத்தின் வீச்சு எந்த நிறைக்கும் ஒன்றே: சுமார் 4 × 10⁻¹⁹. உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. நிறையை மாற்றிப் போட்டால் இந்த எண் மாறுகிறது என்றால் எங்கோ அலகு தவறியிருக்கிறது. பெரும்பாலும் கன சென்டிமீட்டரை ஈவிக்கு மாற்றும் இடத்தில்தான்.

6. எந்தக் கதவு வழியாக வருகிறது என்று முடிவு செய்யுங்கள்

புலம் ஆடினால் மட்டும் கருவிக்குத் தெரியாது. கருவியிலுள்ள எதையாவது அது தொட வேண்டும். எதைத் தொடுகிறது என்று முடிவு செய்யாமல் தரவைத் திறக்காதீர்கள். ஏனென்றால் சமிக்ஞையின் வடிவம் இங்கே மாறும்.

ஆக்ஸியான் வலுவான காந்தப்புலத்தில் ஒளித்துகளாக மாறலாம். இது இயற்பியலாளர் பியர் சிகிவி 1983-இல் முன்வைத்த வழி. சியாட்டிலில் உள்ள ஏ.டி.எம்.எக்ஸ். சோதனை இப்படித்தான் கேட்கிறது: மீக்கடத்துக் காந்தத்துக்குள் ஒரு செப்பு உலோகக் குழி, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போவார்கள்.

ஸ்கேலார் புலமாக (திசை இல்லாத, அளவு மட்டும் உள்ள புலம்) இருந்தால் நுண்கட்டமைப்பு மாறிலியும் (மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் எண்) எலக்ட்ரான் நிறையும் துளி ஆடும். அணுக் கடிகாரங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம், திடப்பொருளின் நீளத்தை அளக்கலாம். ஜெர்மனியின் ஜியோ 600 என்ற ஈர்ப்பலைக் கருவியின் ஒளிப்பிரிப்பானில் இந்த ஆட்டத்தைத் தேடி 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். நம் எடுத்துக்காட்டில் ஒளித்துகளோடு உள்ள பிணைப்பு 1 என்று வைத்தால் மாறிலியின் ஒப்பீட்டு மாற்றம் 10⁻¹⁶ அளவில் இருக்கும்.

ஆக்ஸியான் அணுக்கருவின் தற்சுழற்சியைத் தொட்டால் சமிக்ஞை புலத்தின் சரிவைப் பொறுத்தது. அதாவது கரும்பொருள் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் சிக்னஸ் விண்மீன் குழு இருக்கும் பக்கமாக ஓடுகிறது. காற்று அங்கிருந்து எதிரே வரும். பூமி சுழல்வதால் உங்கள் கருவியின் அச்சு இந்தக் காற்றை ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். எனவே நடுக்கோட்டுக்கு இருபுறமும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு துணைக்கோடுகள் எழும்.

கடைசியாக, பிணைப்பு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால் சமிக்ஞை இரட்டை அதிர்வெண்ணில் வரும். 1.209-இல் தேடிக்கொண்டே இருப்பீர்கள், அது 2.418-இல் உட்கார்ந்திருக்கும்.

7. தேடும் முன் பொய்ச் சமிக்ஞையைச் செய்யுங்கள்

எதைத் தேடுகிறோம் என்று கண்ணால் பார்க்காமல் தேடக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த படி இது. அதிகம் பேர் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

செய்முறை எளிது. 2000 துகள் வேகங்களை எடுங்கள். ஒவ்வொன்றும் முப்பரிமாண வெக்டர். மேக்ஸ்வெல் பரவலிலிருந்து எழுந்தமானமாக எடுத்து, சூரியனின் வேகத்தைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஓர் அலை. அதன் அதிர்வெண், 1.209-ஐ ஒன்று கூட்டல் வேக வர்க்கத்தில் பாதியால் பெருக்கியது. வேகம் இங்கே ஒளி வேகத்தின் பின்னமாக. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 360 பாகை வரை ஏதோ ஒரு கட்டம். எல்லாவற்றையும் கூட்டி, 2000-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள். முடிந்தது.

ஆனால் இதை வினாடிக்கு எட்டு மாதிரி வீதம் ஒரு வருடத்துக்குச் செய்யப் போனால் 25 கோடி புள்ளிகள், ஒவ்வொன்றிலும் 2000 அலைகள். மடிக்கணினி விசிறி அலறும், வேலை முடியாது. தந்திரம் இதுதான்: 1.209 ஹெர்ட்ஸை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது மைக்ரோஹெர்ட்ஸ் அளவில் மெதுவாக மாறும் ஒரு கலப்பெண் உறை. அதற்குப் பத்தாயிரம் வினாடிக்கு ஒரு புள்ளி தாராளம். ஒரு வருடத்துக்கு 3156 புள்ளிகள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு இடைமதிப்புகளை நிரப்பி, 1.209 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்கினால் முழுச் சமிக்ஞை தயார்.

உறையின் அளவை வரைந்து பாருங்கள். முதல் வாரம் உயர்ந்து நிற்கும், அப்புறம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழும், மறுபடி எழும். முதன்முதலில் பார்ப்பவர்கள் நிரலில் பிழை என்று நினைத்துக் கைவைப்பார்கள். கைவைக்காதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான அலைகள் ஒரு சமயம் கைகோக்கும், ஒரு சமயம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்.

அடுத்து அதன் திறன் நிறமாலை. கோடு சமச்சீராக இருக்காது. இடப்பக்கம் கத்தியால் வெட்டியது போல 1.209-இல் நிற்கும், வலப்பக்கம் வால் நீளும். இயக்க ஆற்றல் எதிர்மறையாக முடியாது, அதனால் அதிர்வெண் கூடுமே தவிரக் குறையாது. சராசரி நகர்வு பத்து லட்சத்தில் 0.7 பங்கு, நமக்கு 0.85 மைக்ரோஹெர்ட்ஸ். சமச்சீரான காஸியன் வடிவத்தை வைத்துத் தேடுபவர்கள் வீணாகக் கொஞ்சம் உணர்திறனை இழக்கிறார்கள்.

வழக்கமான பிழைகள் இரண்டு. ஒன்று, எல்லா அலைக்கும் ஒரே கட்டம் கொடுப்பது. அப்போது தொடக்கத்தில் பெரிய மலை எழுந்து அப்புறம் அடங்கிவிடும். மற்றொன்று, 2000-க்குப் பதில் 50 அலைகள் போதும் என்று சிக்கனம் பிடிப்பது. ஒரு வருடத் தரவில் 38 பெட்டிகளில் கோடு பரவுகிறது என்றால், 50 அலைகள் பெட்டிக்கு ஒன்றிரண்டுதான் வரும், இயல்பான ஏற்ற இறக்கம் தெரியாது.

பல்சார் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: சூரியக் குடும்ப மையத்துக்கு நேரத்தைத் திருத்தும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இது ஒரு திசையில் இருக்கும் மூலத்திலிருந்து வரும் துடிப்பு அல்ல. பூமியின் ஓட்டம் வேகப் பரவலை மட்டும் மாற்றும்.

8. எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்று மதிப்பிடுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நம் 1.209 ஹெர்ட்ஸை விட்டுவிட்டு, ஏ.டி.எம்.எக்ஸ். போன்ற குழிக் கருவியின் எண்களைப் போடுகிறேன். கணக்கு அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

136 லிட்டர் குழி, சுமார் 7 டெஸ்லா காந்தம், 650 மெகாஹெர்ட்ஸ், குழியின் தரக் காரணி (ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்பது) 50,000. ஆக்ஸியான் மாதிரிகளில் மெல்லிய பிணைப்புள்ள டி.எஃப்.எஸ்.இசட். வகைக்குக் குழிக்குள் எழும் திறன் 2.6 × 10⁻²³ வாட் அளவு. அமைப்பின் இரைச்சல் வெப்பநிலை அரை கெல்வின் என்றால், கோட்டின் 650 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இரைச்சல் 4.5 × 10⁻²¹ வாட். சமிக்ஞை இரைச்சலில் 170-இல் ஒரு பங்குகூட இல்லை.

ஆனாலும் கேட்கலாம், ஏனென்றால் சராசரி எடுக்க எடுக்க இரைச்சலின் ஏற்ற இறக்கம் மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறைகிறது. டிக்கின் ரேடியோமானிச் சமன்பாடு சொல்வது இதைத்தான். சமிக்ஞை ஏற்ற இறக்கத்தைப் போல 3.5 மடங்கு உயர வேண்டும் என்றால் 3.6 லட்சம் சுயேச்சை மாதிரிகள் வேண்டும். 650-ஆல் வகுத்தால் 560 வினாடி. திறனில் பாதிதான் ஆன்டெனா வழியாக வெளியே வருகிறது என்றால் நான்கு மடங்கு, சுமார் 40 நிமிடம்.

"அவ்வளவுதானா" என்று கேட்பார்கள். குழி ஒரு நேரத்தில் கேட்பது 13 கிலோஹெர்ட்ஸ் மட்டும். 100 மெகாஹெர்ட்ஸைத் துருவ அப்படி 7,700 இடங்கள். 40 நிமிடம் வீதம் போட்டால் ஏழு மாதம், கருவி ஒரு நாளும் பழுதாகாமல் இருந்தால்.

நேரத்தைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்பதும் நான்காம் படியைப் பொறுத்தது. ஓரியல் நேரத்துக்குள் இருக்கும்வரை, தரவை நான்கு மடங்காக்கினால் பிணைப்பின் உணர்திறன் இரட்டிக்கும். அதைத் தாண்டிவிட்டால் இரட்டிக்கப் பதினாறு மடங்கு தரவு வேண்டும். இன்னும் ஒரு வருடம் கருவியை ஓட்டலாமா, இரைச்சலைக் குறைக்கலாமா என்ற விவாதத்தை இந்த எண் முடித்து வைக்கும். பெரும்பாலும் இரைச்சலைக் குறைப்பதுதான் மலிவு.

9. இப்போது தேடுங்கள்

எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். தரவை ஓரியல் நேர நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் திறன் நிறமாலையையும் எடுத்துச் சராசரியுங்கள். அல்லது முழு வருடத்தையும் ஒரே உருமாற்றமாக எடுத்து, ஏழாம் படியில் கிடைத்த கோட்டு வடிவத்தை எடையாக வைத்து அக்கம்பக்கப் பெட்டிகளைக் கூட்டுங்கள். இரண்டாவது முறை கொஞ்சம் மேல், முதல் முறை எளிது.

அடுத்து வாசல் அளவு. வினாடிக்கு எட்டு மாதிரி, ஒரு வருடம் என்றால் உருமாற்றத்தில் 12.6 கோடி பெட்டிகள். 5 சிக்மா, அதாவது இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல ஐந்து மடங்கு, என்பது 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. எனவே வெறும் இரைச்சலிலேயே 36 "5 சிக்மா" கூர்முனைகள் இருக்கும். நான் முதலில் சொன்ன ஓட்டம் இங்கேதான் தொடங்கும். முழுத் தேடலிலும் பொய் எச்சரிக்கை வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால், தனிப் பெட்டித் திறன் சராசரியைப் போல 22 மடங்கு உயர வேண்டும். தரவைப் பார்ப்பதற்கு முன்பே இந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

இரைச்சலின் அடித்தளத்தைச் சமப்படுத்தும்போது கவனம். சவிட்ஸ்கி–கோலே போன்ற வடிகட்டி, அகலமான மேடுபள்ளங்களை நீக்கும்போது சமிக்ஞையிலும் கொஞ்சம் கொறித்துவிடும். அடுத்தடுத்த பெட்டிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். எவ்வளவு கொறித்தது என்பதை ஊகிக்க வேண்டாம். ஏழாம் படியின் பொய்ச் சமிக்ஞையைப் பல அதிர்வெண்களில், தெரிந்த வீச்சோடு மூலத் தரவிலேயே கலந்து, எல்லாப் படியையும் மறுபடி ஓட்டி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து விடுங்கள். சமப்படுத்திய பிறகு கலப்பவர்கள் உண்டு; வடிகட்டியின் திருட்டு அவர்கள் கண்ணில் படாது.

தரவில் இடைவெளிகள் இருந்தால் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வலுவான கோட்டுக்கும் பக்கத்தில் போலிக் கோடுகள் முளைக்கும். லோம்ப்–ஸ்கார்கிள் முறை இதற்கென்றே இருக்கிறது.

10. எழுந்து நிற்பதைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

வாசலைத் தாண்டி ஏதாவது நின்றால், மகிழ்ச்சியை ஒத்திவைத்துவிட்டு அகலத்தைப் பாருங்கள். கரும்பொருள் கோட்டுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அகலம் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு முறை 2 ஹெர்ட்ஸில் அழகான மேடு ஒன்று எழுந்தது. உடன் வேலை செய்த மாணவர் இரண்டு நாள் தூங்கவில்லை. வினாடிக்கு எட்டு மாதிரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 48-ஐக் கழித்துக்கொண்டு 2 ஹெர்ட்ஸாக வேடமிட்டு நிற்கும். காட்டிக்கொடுத்தது அகலம்: மின்கட்டமைப்பின் அதிர்வெண் நாள் முழுக்க ஏறி இறங்கும், எனவே மேடு நமக்கு வேண்டியதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பருமன். மாதிரி எடுக்கும் முன் ஒரு வடிகட்டி வைத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஜிபிஎஸ் வினாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அது கம்பிகளில் கசிந்தால் சரியாக 1 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஊசி போன்ற கோடுகள் வரும். அவை கரும்பொருளைவிட மிக மெல்லியவை. எடுத்துக்காட்டுக்கு 1 ஹெர்ட்ஸை எடுக்காமல் விட்ட காரணம் இதுதான். ஒற்றைப் பெட்டியில் நிற்கும் கோட்டை, ஓரியல் நேரம் தரவைவிடச் சிறியதாக இருக்கும் இடத்தில், பார்த்தவுடன் தள்ளிவிடலாம்.

அகலத்தில் தேறினால் அடுத்த கேள்விகள். தரவை இரண்டாக வெட்டினால் இரண்டிலும் அதே அதிர்வெண்ணில் இருக்கிறதா? துணைக்கோடுகள் இருந்தால் அவை 23 மணி 56 நிமிட நாளோடு பொருந்துகின்றனவா, 24 மணி நாளோடா? வெயிலோடு ஏறி இறங்கும் எதுவும் 24 மணியைத்தான் பின்பற்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடத் தரவு வேண்டும். கோட்டின் சராசரி நகர்வு ஜூனில் கூடி டிசம்பரில் குறைகிறதா? பூமி சூரியனைச் சுற்றுவதால் அந்த நகர்வு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆட வேண்டும்.

குழிக் கருவிக்காரர்களுக்கு இன்னும் நேரடியான கேள்வி ஒன்று உண்டு: காந்தத்தை இறக்கினால் கோடு புலத்தின் வர்க்கத்தோடு இறங்குகிறதா? காந்தம் அணைந்த பிறகும் நிற்கிறது என்றால் அது வெளியிலிருந்து கசியும் வானொலிதான். ஏ.டி.எம்.எக்ஸில் பகுப்பாய்வு செய்பவர்களுக்கே தெரியாமல் செயற்கைச் சமிக்ஞையைச் செலுத்தி, அவர்கள் பிடிக்கிறார்களா என்று பார்ப்பதும் வழக்கம். உங்கள் குழுவிலும் ஒருவரை இதற்கு ஒதுக்கலாம்.

11. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வரம்பைச் சரியாகச் சொல்லுங்கள்

பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்வீர்கள். "இந்தப் பிணைப்புக்கு மேல் இருந்தால் பார்த்திருப்போம்" என்று சொல்ல வேண்டும். எளிதாகத் தோன்றும் படியில்தான் ஆபத்தான தவறு ஒளிந்திருக்கிறது.

ஐந்தாம் படியில் கணக்கிட்ட வீச்சு ஒரு சராசரி. தரவு ஓரியல் நேரத்தைவிட மிக நீளம் என்றால் சராசரியை நம்பலாம். 0.01 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஒரு வருடத் தரவு ஓரியல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் அளந்த வருடம் ஏழாம் படியில் பார்த்த அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கலாம். ஒற்றைப் பெட்டியின் திறன் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். அதன்படி, வீச்சு அதன் வர்க்கச் சராசரி மூலத்தில் 23 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்றால், இரைச்சலைக் கணக்கில் எடுக்கும் முன்பே வரம்பு சுமார் 4.4 மடங்கு தளர வேண்டும். முழு வீச்சும் இருந்தது என்று எடுத்துக்கொண்டு வரைந்த வரைபடங்கள் அவ்வளவு தூரம் மிகைப்படுத்துகின்றன.

நாலு ஊரில் நாலு கருவி வைத்தால் இதைச் சமாளிக்கலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. 1.209 ஹெர்ட்ஸிலேயே டி ப்ராய் அலைநீளம் 24.8 கோடி கிலோமீட்டர், 0.01-இல் அது நூறு மடங்குக்கும் மேல். பூமியில் எங்கே வைத்தாலும் எல்லாக் கருவிகளும் அதே பள்ளத்தில்தான் இருக்கும். நான்கு கருவிகள் உள்ளூர் இரைச்சலை அடையாளம் காண உதவும், அதுவே பெரிய உதவி. பள்ளத்திலிருந்து வெளியேற வழி, காத்திருந்து அடுத்த ஓரியல் நேரத்திலும் அளப்பது மட்டும்.

வரைபடத்தின் கீழ்க்குறிப்பில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: எடுத்துக்கொண்ட அடர்த்தி, வேகப் பரவல், ஓரியல் நேர வரையறை, ஒன்பதாம் படியில் பொய்ச் சமிக்ஞை கலந்து அளந்த மீட்பு விகிதம். இவற்றோடு, தரவின் நீளமும் ஓரியல் நேரமும் சமமாகும் நிறையில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போடுங்கள். ஒரு வருடத் தரவுக்கு அது சுமார் 0.03 ஹெர்ட்ஸ், 1.3 × 10⁻¹⁶ ஈவி. படிப்பவர் எந்தப் பக்கம் எந்த முறை என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்.